பிரான்சில் நடந்த போருக்கு இங்கிலாந்தின் சிற்றூர்கள் என்ன விலை கொடுத்தன?

வெட்டாற்றங்கரை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூற்றாண்டுப் போரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். என் பாடநூலில் 1346 கிரேசி, 1356 புவாத்தியே, 1415 அஜின்கோர் என்று களங்கள் வரிசையாக வருகின்றன. வில்லாளர்கள் எப்படி வென்றார்கள் என்பதும் விளக்கமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படை என்ன சாப்பிட்டது, கூலியை யார் கொடுத்தார்கள், கடலுக்கு இப்பால் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் போரால் என்ன நேர்ந்தது என்று தேடினால் இரண்டு வரிகூடக் கிடைக்கவில்லை. நாங்கள் குறுவையும் சம்பாவும் பார்க்கிற குடும்பம். அதனால் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குடந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நல்ல கேள்வி, அம்மா. கட்டுரையைக் களஞ்சியத்திலிருந்து தொடங்குங்கள். களத்துக்குப் பிறகு வரலாம்.

படை புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மன்னரின் கொள்முதல் அலுவலர்கள் ஊர் ஊராக வருவார்கள். கோதுமை, ஓட்ஸ், பட்டாணி, உப்பிட்ட பன்றி இறைச்சி என்று எடுத்து, வண்டியேற்றி, ஹல் போன்ற துறைமுகங்களுக்கு அனுப்புவார்கள். லிங்கன்ஷயர், யார்க்‌ஷயர் போன்ற கிழக்குப் பகுதிகள், ஸ்காட்லாந்துப் போர்க் காலத்திலிருந்தே இந்தச் சுமையைத் திரும்பத் திரும்பத் தாங்கின. எடுத்ததற்கு உடனே பணம் தருவது அரிது. ஒரு மரக்குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுக்குறி இட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உழவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிற்பாடு பணம் கேட்கும்போது இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஏமாற்ற முடியாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் எப்போது வரும் என்று அந்தக் குச்சி சொல்லாது. நம் பக்கத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுச் சீட்டோடு காத்திருந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு ஓரளவு புரியும். ஆயினும் இந்த ஒப்புமையை நீட்டிவிடாதீர்கள். நம்மவர் விற்கத்தான் மூட்டையை அங்கே கொண்டுபோகிறார். அங்கேயோ அலுவலர் வீட்டுக் களஞ்சியத்துக்கே வந்தார், விலையையும் அவரே சொன்னார், கொடுக்க மறுக்கும் உரிமை உழவருக்கு இல்லை.

நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிய முறையீடுகள் ஓயாமல் வந்தன. 1362-இல் மூன்றாம் எட்வர்டு ஒரு சட்டத்துக்கு இசைந்து, அரசர், அரசி ஆகியோரின் இல்லத் தேவைக்கு மட்டுமே இப்படி எடுக்கலாம் என்று வரம்பு கட்டினார்.

இன்னொன்றையும் விடாமல் எழுதுங்கள். 1340-இல் போர்ச்செலவுக்காக நாடாளுமன்றம் ஒன்பதில் ஒரு பங்கு வரியை அனுமதித்தது: ஒன்பது கதிர்க்கட்டில் ஒன்று, ஒன்பது ஆட்டின் மயிரில் ஒன்று, ஒன்பது குட்டியில் ஒன்று. வசூல் எதிர்பார்த்த அளவுக்கு வராததால் 1341-இல் ஊர்மக்களை ஆணையிட்டுச் சொல்ல வைத்து விசாரித்தார்கள். அந்தப் பதிவுகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. கேம்பிரிட்ஜ்ஷயர், ஷ்ராப்ஷயர், சசெக்ஸ் என்று பல பகுதிகளில் நிலம் தரிசாகக் கிடக்கிறது, விதைக்கத் தானியம் இல்லை, குடியானவர்கள் வறுமையால் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஊர்ச் சாட்சிகள் கூறுகிறார்கள். வரியைக் குறைத்துக்கொள்ளக் கூட்டிச் சொன்னதும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் விதைநெல்லுக்கு வழியில்லை என்று ஒரு ஊர் ஆணையிட்டுச் சொல்வதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். பெருங்கொள்ளைநோய் வந்தது 1348-இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். நோய்க்கு முன்பே இந்த நிலை.

அரசலாறு:

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனால் போர் இங்கிலாந்திலிருந்து எடுத்தது மட்டும்தான் என்று எழுதினால் கட்டுரை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போன ஆங்கிலப் படை பெரும்பாலும் கூலிக்குச் சேவகம் செய்த படை. நிலமானியக் கடமைக்காக நாற்பது நாள் வந்து நின்றுவிட்டுத் திரும்பிய பழைய படை என்று அதைக் கருதக் கூடாது. குதிரையேறிய வில்லாளருக்கு நாளொன்றுக்கு 6 பென்னி (அக்கால ஆங்கிலக் காசு), கனரகக் கவச வீரருக்கு 12 பென்னி, நைட் பட்டம் பெற்ற வீரருக்கு 24 பென்னி என்று கூலி ஏறக்குறைய நிலையாக இருந்தது. 1351-இன் தொழிலாளர் சட்டம் ஆகஸ்டு முதல் வாரத்தில் கதிர் அறுப்பவருக்கு நாளுக்கு 2 பென்னிக்கு மேல் தரக் கூடாது என்று கட்டளையிட்டதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நிலமில்லாத ஓர் இளைஞனுக்கு வில் எவ்வளவு பெரிய வழியாகத் தெரிந்திருக்கும்! கொள்ளையில் பங்கும், சிறைப்பிடித்தவரை விடுவிக்கும் பணமும் கிடைக்கலாம் என்ற ஆசை வேறு.

படைத்தலைவர்கள் மன்னரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே தோலில் வாசகத்தை இருமுறை எழுதி, நடுவே அலை அலையாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டார்கள். எத்தனை வீரர், எத்தனை வில்லாளர், எத்தனை மாதம், எவ்வளவு கூலி எல்லாம் அதில் உண்டு. 1415-இல் ஐந்தாம் ஹென்றியிடம் இரண்டாவது காலாண்டுக் கூலிக்குப் போதிய ரொக்கம் இல்லாததால் அரச நகைகளைத் தலைவர்களிடம் ஈடாகக் கொடுத்தார்; அவற்றுள் சில அவர் இறந்த பிறகும் மீட்கப்படாமலே கிடந்தன.

இதன் இருண்ட பக்கமும் உண்டு. கொலை, கொள்ளை வழக்குகளில் சிக்கியவர்கள் படையில் பணியாற்றினால் மன்னிப்பு பெறலாம். கிரேசி, காலே படையெடுப்புக்குப் பிறகு இத்தகைய மன்னிப்புகள் நூற்றுக்கணக்கில் வழங்கப்பட்டன. குற்றம் செய்தவன் அதே ஊருக்கு முத்திரையிட்ட மன்னிப்போடு திரும்பி வந்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பம் அவனை எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாடாளுமன்றத்தினர் இதையும் பலமுறை எதிர்த்தார்கள்.

வெட்டாற்றங்கரை மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம். போர் முழுவதும் பிரான்சிலேயே நடந்ததால் இங்கிலாந்து மண்ணில் அழிவே இல்லை என்று சொல்லலாமா? மேலும், போருக்குச் செல்லாத சாதாரண மனிதரின் அன்றாட வாழ்வில் அரசு தலையிட்டதா?

குடந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அப்படிச் சொல்ல முடியாது. 1338 அக்டோபரில் பிரெஞ்சுக் கப்பல்கள் சவுத்தாம்ப்டனைச் சூறையாடின. தென்கடற்கரை ஊர்களான வின்செல்சிக்கு 1360-இலும், ரைக்கு 1377-இலும் இதே கதி. வடக்கே, இந்தப் போருக்கு முன்பே, 1314 பானக்பர்ன் தோல்விக்குப் பிறகு ஸ்காட்லாந்துப் படைகள் ஆண்டுக்கணக்கில் எல்லைப் பகுதிகளை எரித்தன. டரம் மக்கள் பணம் கொடுத்துத் தற்காலிக அமைதியை வாங்க வேண்டியிருந்தது. ஆயினும் பிரெஞ்சு உழவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் இது சிறிது. 1355-இல் எட்வர்டின் மூத்த மகன் போர்தோவிலிருந்து நார்போன் வரை படையை நடத்திச் சென்றபோது, ஊர்களையும் களஞ்சியங்களையும் எரிப்பதையே முதன்மையான வேலையாகக் கொண்டார். எதிரி மன்னரின் வரி வருவாயைக் கெடுப்பது நோக்கம். அதற்கு விலை கொடுத்தவர் குடியானவர்.

அன்றாட வாழ்வைப் பற்றிக் கேட்டீர்கள். 1363-இல் உடல்வலிமை உள்ள ஆண்கள் விடுமுறை நாள்களில் வில் பழக வேண்டும் என்றும், கால்பந்து, சேவற்சண்டை முதலியவற்றை விட்டுவிட வேண்டும் என்றும் ஆணை வந்தது. 1417-இல் அம்புகளுக்காக ஒவ்வொரு பெருவாத்திடமிருந்தும் ஆறு இறகுகளைப் பறித்து அனுப்புமாறு பல மாவட்டங்களின் ஷெரிஃபுகளுக்கு (மன்னரின் மாவட்ட அலுவலர்களுக்கு) ஐந்தாம் ஹென்றி கட்டளையிட்டார். போர் கொல்லைப்புறத்து வாத்து வரை வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கொள்ளிடக்கரை:

தாமதமாக வருகிறேன். வரி எவ்வாறு கிளர்ச்சியாக மாறியது என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1377-இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 4 பென்னி தலைவரி. 1380 இறுதியில் அதையே 12 பென்னியாக உயர்த்தினார்கள். ஏழைக்கும் செல்வருக்கும் தலைக்கணக்கு ஒன்றே என்ற அநீதியோடு, அந்தப் பணத்தில் நடந்த போரில் வெற்றிகளும் இல்லாமல் போயிருந்தன. மக்கள் பெயரை மறைத்தார்கள்; பதிவான வரிசெலுத்துவோர் எண்ணிக்கை நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மறுவிசாரணைக்கு ஆள் அனுப்பியபோது லண்டனை அடுத்த எசெக்ஸ், கென்ட் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்தன. 1381 ஜூன் 14 அன்று கிளர்ச்சியாளர் லண்டன் கோட்டைக்குள் புகுந்து, சான்சலராக (மன்னரின் தலைமை அமைச்சராக) இருந்த பேராயர் சட்பரியையும் கருவூலத் தலைவர் ஹேல்ஸையும் வெட்டினார்கள். மறுநாள் வாட் டைலர் கொல்லப்பட்டார். அவர்கள் கேட்டவற்றுள் வரியைவிட ஆழமானது கொத்தடிமை நிலையை ஒழிப்பதும், ஏக்கருக்கு 4 பென்னி குத்தகை என்று நிர்ணயிப்பதும் ஆகும்.

நம் பகுதியில் ஆர்வமுள்ளவர்கள் 1429-ஐ ஒட்டிய திருவைகாவூர்க் கல்வெட்டையும் பாருங்கள். விஜயநகர ஆட்சிக் காலத்தில், வரிக்கொடுமையைத் தாங்காமல் எதிரெதிராக நின்ற வலங்கை, இடங்கை என்னும் சாதிப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்த வரலாறு காவிரிக் கரையிலேயே கல்லில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் ஒப்பிட்டுப் படிக்கத் தகுந்தவை.

1381-உடன் கட்டுரையை முடித்துவிடாதீர்கள், சகோதரி. 1450-இல் வட பிரான்சின் நார்மண்டி ஆங்கிலேயரின் கைவிட்டுப் போன அதே ஆண்டில் ஜாக் கேட் தலைமையில் கென்ட் மீண்டும் எழுந்தது. அவர்கள் எழுதி வைத்த குறைப்பட்டியலில், மன்னரின் இல்லத்துக்கென்று பொருளை எடுத்துக்கொண்டு பணம் தராமல் விடுகிறார்கள் என்ற முறையீடும் இருக்கிறது. 1362-இன் சட்டம் இல்லத்துக்கென்று விட்டுவைத்த அதே வாசல்தான் அது.