தாத்தாவின் தங்கப்பல்: பல்லுக்குக் கேப் போடும் முறை எப்படி வந்தது?

கேள்வி: ஏற்காட்டுப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் வறுத்த கடலையை மென்றபோது என் கீழ்க் கடைவாய்ப்பல்லின் ஒரு பக்கம் பெயர்ந்து வந்துவிட்டது. அது ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்த பல். அப்போதே கேப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். வலி இல்லையே என்று நான் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது சேலத்தில் காட்டியபோது, மீதமுள்ள பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்கி, அதன்மேல் ஜிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பீங்கான் வகைக் கேப் பொருத்த வேண்டும் என்றார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்த அவர், 1950களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய் ஒரு தங்கப்பல் கட்டிக்கொண்டு வந்ததாக வீட்டில் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் அது கழன்று விழுந்தது. பாட்டி அதைப் பஞ்சில் சுற்றித் தாத்தாவின் பொடி டப்பாவிலேயே வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் கல்லைப்போல இறுகிய சிமென்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிதைந்த பல்லை மூடிக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் முதலில் யாருக்குத் தோன்றியது? இயந்திரம் இல்லாத காலத்தில் ஒருவருடைய பல்லின் வடிவத்துக்கே பொன்னை எப்படி அமைத்தார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பாற்ற வேண்டிய பல்லையே ஏன் இழைத்துக் குறைக்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அஸ்தம்பட்டி பல் மருத்துவர்

பேரன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வரலாறு முழுவதையும் புரிந்துகொள்ளும் சாவி அதில்தான் இருக்கிறது. உலக்கைக்குப் பூண் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூண் இல்லாத உலக்கை இடிக்க இடிக்க நுனியில் பிளந்துவிடும். பூண் இறுகப் பிடித்திருந்தால் விசை மரத்தை விரிக்காது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லும் அப்படித்தான். சொத்தை தின்றதும் சிகிச்சைக்காகத் துளைத்ததும் போக, அதில் எஞ்சியிருப்பவை மெல்லிய சுவர்கள். மெல்லும்போது அவை வெளிப்பக்கமாக விரிகின்றன. ஒரு நாள் கடலைப் பருப்பே போதும். கேப்பின் விளிம்பு, ஈற்றுக்கு மேலே குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல்லைச் சுற்றிலும் கவ்வியிருந்தால்தான் அது பூணாக வேலை செய்யும். அந்தக் கவ்வலுக்கும், மேலே வரும் பொருளின் கனத்துக்கும் இடம் வேண்டும் என்பதற்காகவே இழைக்கிறோம். பொன்னுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். உலோகத்தின்மேல் பீங்கான் சுட்ட கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் இரண்டு மில்லிமீட்டர் வரை தேவைப்படும்.

இனி வரலாறு. பல்லில் பொன்னைப் பயன்படுத்தும் வழக்கம் மிகவும் பழையது. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே மெல்லிய பொற்பட்டைகளால் பற்களை இணைத்துக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளிலிருந்து அத்தகைய பட்டைகள் கிடைத்திருக்கின்றன. உரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டம், இறந்தவரோடு பொன்னைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று தடுத்துவிட்டு, பற்களைப் பொன்னால் கட்டியிருந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்று விலக்களித்தது. சட்டத்தில் இடம்பெறும் அளவுக்கு அது பழகிப்போன வழக்கமாக இருந்திருக்கிறது. ஆனாலும் அவையெல்லாம் கட்டுகளே. பல்லின்மேல் கவிழ்க்கும் மூடி பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

1728-இல் பாரிஸ் மருத்துவர் பியேர் போஷார் பல் மருத்துவத்தைப் பற்றி எழுதிய பெருநூலில், பல்லின் தலைப்பகுதி போய் வேர் மட்டும் எஞ்சியிருந்தால், அந்த வேருக்குள் பொன் அல்லது வெள்ளி ஊசியைச் செருகி, அதன்மேல் வேறொரு பல்லைப் பொருத்தும் முறையை விளக்கினார். மேலே வைத்த பல் மனிதப் பல்லாகவோ, நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியதாகவோ இருந்தது. பிறகு வந்தவர்கள் உலோக ஊசிக்குப் பதிலாக மரமுளையைச் செருகினார்கள். எச்சில் ஊறியதும் மரம் பருத்து இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய கணக்கு. நம் பக்கத்துக் கல் உடைப்பவர்களைக் கேட்டிருந்தால் விளைவைச் சொல்லியிருப்பார்கள். பாறையில் குழியிட்டு மரமுளை அடித்து நீர் ஊற்றிப் பிளக்கும் பழைய முறை அதுதானே! வேர்களும் அவ்வாறே பிளந்தன.

நீங்கள் தேடும் மூடியை 1746-இல் குளோத் மூத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார். கடைவாய்ப்பல் முழுவதையும் பொன் கூட்டால் மூட வேண்டும் என்றும், முன்பல்லானால் வெள்ளை எனாமல் பூசிக்கொள்ளலாம் என்றும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்தப் பொன் கூடுகள் பெருவழக்காயின. அங்கேதான் பிழையும் பெருகியது.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் காலால் மிதித்துச் சுழற்றும் துளைப்பான்தான் இருந்தது. தையல் இயந்திரம் போன்ற அதன் அமைப்பு 1871-இல் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு கடைவாய்ப்பல்லைச் சுற்றிலும் ஒழுங்காக இழைப்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் பெரும்பாடு. ஆகவே பலர் பல்லை அதிகம் இழைக்காமல், அழுகிய வேரைச் சரிசெய்யாமல், தகட்டுக் கூட்டை மேலே கவிழ்த்துச் சிமென்ட் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். கூட்டின் விளிம்பு பல்லோடு ஒட்டாமல் ஈற்றுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அந்த இடுக்கில் உணவுத்துகள் தங்கி அழுகியது. 1910-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர், அழுகலின்மேல் எழுப்பிய பொற்கல்லறைகள் என்ற பொருள்படும் கடுஞ்சொற்களால் இந்த வேலையைச் சாடினார். அவர் கண்ட குறை உண்மையானது. ஆனால் உடம்பின் பல நோய்களுக்கும் பல்லே மூலம் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்து, அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் காப்பாற்றியிருக்கக்கூடிய எண்ணற்ற பற்களைப் பிடுங்கியெறியக் காரணமாயிற்று. கேப்பின் வரலாற்றைப் பொன், பீங்கான், ஜிர்கோனியா என்று பொருள்களின் வரிசையாகவே பலர் சொல்கிறார்கள். என் பார்வையில் அது விளிம்பின் வரலாறு. பல்லும் மூடியும் சந்திக்கும் அந்த மயிரிழை இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் இருநூறு ஆண்டுப் போராட்டம்.

பதில் 2: செவ்வாய்ப்பேட்டை வார்ப்புப் பட்டறை

மருத்துவர் ஐயா விளிம்பைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை செய்கிறது; நான் மட்டும் பதினான்கு ஆண்டுகள் ஒரு பல் ஆய்வகத்தில் கேப் வார்த்தேன்.

தகட்டில் செய்த கேப்பையும் வார்ப்பில் செய்த கேப்பையும் கையில் எடுத்தவுடன் எங்களால் பிரித்துச் சொல்லிவிட முடியும். தகட்டு வேலையில் ஒரு பட்டையைப் பல்லின் சுற்றளவுக்கு வளைத்து, இரு முனைகளையும் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். மேல்மூடியைத் தனியாக அச்சில் அடித்து, அதையும் அப்படியே ஒட்டுவார்கள். அடித்த தகடு மெல்லியதாக இருப்பதால், மேடுகள் தேய்ந்து ஓட்டையாகாமலிருக்க உட்புறத்தில் பற்றாசை, அதாவது ஒட்டுவதற்குப் பயன்படும் உலோகக் கலவையை, உருக்கி நிரப்புவதும் உண்டு. பட்டையை எவ்வளவு கவனமாக வளைத்தாலும் பல்லின் ஒவ்வொரு நெளிவுக்கும் அது இசைந்து வராது.

1907-இல் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட் மெழுகு வார்ப்பைப் பல் மருத்துவத்துக்குள் பரவலாகக் கொண்டுவந்தபோது இந்த நிலை மாறியது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்பதும் அதே தத்துவத்தில்தான். அவர்கள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பல்லில் வேலை இன்னும் நுட்பமானது. பொன் கலவை உருகிய நிலையிலிருந்து ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சுருங்கும். சிலையில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கேப்போ பல்லில் ஏறவே ஏறாது. ஆகையால் மெழுகைச் சுற்றி ஊற்றும் அச்சு மாவு, அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டும் அளவுக்குச் சூட்டில் விரிய வேண்டும். மாவில் நீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் விரிவு மாறிவிடும்.

ஆய்வகத்தில் என் நாளின் பெரும்பகுதி நோயாளியின் பல்லை அளவெடுத்துச் செய்த சாந்துப் பல்லின் அடியில் சிவப்புப் பென்சிலால் விளிம்புக்கோடு போடுவதிலேயே கழிந்தது. விளக்குக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்து, கோட்டைத் தாண்டாமலும் கோட்டுக்கு முன் நின்றுவிடாமலும் மெழுகை இழுத்து முடிக்க வேண்டும். அந்தக் கோடு தெளிவாக இல்லாத அளவுகள் வந்தால், மருத்துவரை அழைத்து மறுபடியும் அளவு எடுத்துத் தரும்படி கேட்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோடு தெரியாமல் ஊகித்து வார்த்தால், வாயில் போய் உட்கார்வது ஒருவருடைய பத்தாண்டுத் தொல்லை.

தாத்தாவின் கேப்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால் அது தகட்டு வேலை.

பதில் 3: வெள்ளைக்கல்

கேப்புக்குள் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறச் சிமென்ட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கேப்புகளையும் ஒட்டியது துத்தநாகப் பாஸ்பேட் சிமென்ட்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. அதன் தூளில் பத்துக்கு ஒன்பது பங்கு துத்தநாக ஆக்சைடு, ஒரு பங்கு மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு. அதை பாஸ்பாரிக் அமிலத்தில் குழைப்பார்கள். நம் கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டால் கிடைப்பதும் அதே மக்னீசியாதான். ஏற்காட்டுக்கு மலையேறும் வழியில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் மண்ணுக்கும் பல்லுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது, சுரங்கத்தில் வேலை பார்த்த எனக்கே பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஏற்காட்டுப் பேரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கேப்பைச் சாளரத்தோரம் வைத்து, பேத்தியின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒட்டுக்கோடு தெளிவாக இருக்கிறது. மேற்பரப்பில் ஒரு மேடு தேய்ந்து, உள்ளேயிருந்து சற்று வெளிறிய உலோகம் தெரிகிறது. நீங்கள் சொன்ன பற்றாசாகத்தான் இருக்க வேண்டும். தாத்தாவுக்கு அந்தப் பக்கத்து ஈறு அடிக்கடி வீங்கும் என்பதும், உப்புநீர் கொப்பளித்துக்கொண்டே இருப்பார் என்பதும் இப்போதுதான் பொருளோடு நினைவுக்கு வருகின்றன. வெள்ளைக் கேப் எப்போது வந்தது, அதன் விளிம்பு பொன்னைப்போல் ஒட்டுமா என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

பதில் 4: அஸ்தம்பட்டி பல் மருத்துவர்

பீங்கானுக்கு வழிகாட்டியவர் டெட்ராய்ட் நகரத்து சார்லஸ் லேண்ட். பல்லின் சாந்து வார்ப்பின்மேல் 0.025 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாட்டினத் தாளை ஒட்ட அமைத்து, அதன்மேல் பீங்கான் மாவைப் பூசிச் சூளையில் சுட்டார். பிளாட்டினம் உருக 1,768 பாகை செல்சியஸ் வேண்டும் என்பதால், பீங்கான் இறுகும் சூட்டில் தாள் குலையாது. 1903-இல் அவருடைய முறை நிலைபெற்றது. தாத்தாவைப் பற்றிய உரையாடல் என்பதால் ஒன்று சொல்கிறேன்: 1927-இல் அட்லான்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன், சிறுவயதில் தாத்தாவின் ஆய்வுக்கூடத்தில் விளையாடி வளர்ந்தவர்.

லேண்டின் கேப் அழகாக இருந்தது, கடைவாயில் உடைந்தது. 1962-இல் பொன் கலவையோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் பீங்கானுக்கு அமெரிக்காவில் வைன்ஸ்டைன் குழுவினர் காப்புரிமை பெற்றனர். உலோகத்தின் வலிமையும் பீங்கானின் நிறமும் ஒரே கேப்பில் சேர்ந்தன. 1965-இல் இங்கிலாந்தில் மக்லீனும் ஹியூஸும் பீங்கானோடு அலுமினிய ஆக்சைடான அலுமினாவைக் கலந்து வலுவூட்டினர். சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்து மேட்டூர் ஆலைக்கு அனுப்பிய பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவிலிருந்து கிடைத்ததும் அதே அலுமினாதான். ஜிர்கோனியா கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் பரவியது. கணினி அளவின்படி மென்மையான கட்டியிலிருந்து கடைந்து, ஏறத்தாழ 1,500 பாகையில் சுடுவார்கள். சூளையில் அது நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும் என்பதால், முதலிலேயே அந்த அளவுக்குப் பெரிதாகக் கடைகிறார்கள். பட்டறைக்காரர் மாவில் செய்த ஈடுகட்டலை இங்கே கணினி செய்கிறது.

விளிம்பு நன்றாகவே ஒட்டும், அளவு சரியாக இருந்தால். கேப்பை ஒட்டுவதற்கு முன் பல்லில் வைத்துப் பார்க்கும்போது, கூரிய கம்பி முனையால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள், எங்கும் தட்டக்கூடாது. பற்களுக்கிடையே இழையை விட்டால் இறுக்கமாக இறங்க வேண்டும், கிழியக்கூடாது. கடிபடும் இடத்தைக் காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லும்போது மயக்கமருந்தின் மரப்பு உங்களுக்கு இருக்காது, வேர் சிகிச்சை செய்த பல் என்பதால் அது தேவைப்படாது. ஆகவே கேப் உயரமாக முட்டுவதாகத் தோன்றினால் உடனே சொல்லிவிடுங்கள். உடைந்த பக்கம் ஈற்றுக்குக் கீழே போயிருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பூண் பிடிக்க இரண்டு மில்லிமீட்டர் பல் அங்கே மிச்சமில்லையென்றால், கேப்புக்கு முன் ஈற்றைச் சற்று இறக்கும் சிறு அறுவை தேவைப்படலாம்.