திடீர்னு உறையுற கெர்னல்: தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் லினக்ஸ் தெரிஞ்சவங்க உண்டா?

அண்ணன்மாரே, தக்கலையில நம்ம டிடிபி கடை லினக்ஸ் கம்ப்யூட்டர் மூணு வாரமா உயிரை வாங்குது. ஓடிட்டே இருக்கும், அப்படியே நின்னுரும். மவுஸ் அசையாது, கேப்ஸ் லாக் விளக்கு மாறாது, பக்கத்து மெஷின்ல இருந்து பிங் போட்டாலும் பதில் இல்ல. கெர்னலுக்கே நேரா கட்டளை கொடுக்குற சிஸ்ஆர்க்யூ சாவிக்கான அமைப்பை 1-ன்னு வச்சிட்டு ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, பி (B) மூணையும் அழுத்தியும் ரீபூட் ஆகல. அப்ப தொங்குறது திரை மட்டும் இல்ல, லினக்ஸோட மையமான கெர்னலேதான்னு நினைக்கேன்.

முந்தின பூட்டோட ஜர்னல்ல (சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவு) கெர்னல் பிழைச் செய்தியான பேனிக்கும் இல்ல, ஊப்ஸும் இல்ல. உறைஞ்ச பிறகு அது எங்க போய் எழுத!

ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட்டியாச்சு, பிழை இல்ல. பழைய கெர்னல்லயும் இதே கதை. மழைக்கு கரண்ட் போகும், ஆனா யுபிஎஸ் உண்டு. வேலை நடக்கும்போது நிக்காது, சும்மா கிடக்கும்போதுதான் நிக்குது. அதனால சிபியு தூங்குற சி-ஸ்டேட் மேல சந்தேகம். பூட் வரியில அதை 1-க்கு மேல போகாம கட்டிப்போட்டு ரெண்டு நாளா ஓடுது. ஆனா முன்னாடி நாலு நாள்கூட நிக்காம ஓடியிருக்கு, நம்ப முடியல.

நெட்கன்சோல் போட்டு கெர்னல் செய்தியை நெட்வொர்க் வழியா யுடிபியில இன்னொரு மெஷினுக்கு அனுப்பிப் பழக்கமுள்ளவங்க சொல்லித் தாங்க. மாத்திப் பாக்க ஒரு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ரெண்டு நாளைக்கு இரவல் கிடைச்சாலும் போதும், மார்த்தாண்டம்னாலும் நானே வந்து எடுத்துக்கிடுதேன்.