பிள்ளைகளையும் சேர்த்து அழிக்கவா?

இரத்மலானை மோல்ட்:

ஏழு வருச வேலையில் விட்ட பிழைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி ஒன்றின் மூடி. சொலிட்வேர்க்ஸ் என்ற 3டி வரைதல் மென்பொருளில் பைல், எனக்கு முன்பு இருந்தவர் கட்டியது. பக்கத்தில் நிற்கும் பட்டியலான மரத்தில் 63 பீச்சர், அதாவது மேடு, துளை என்று கட்டிய படிகள். மேலே லோகோ பதிக்க 1.5 மில்லிமீற்றர் உயரத்தில் சின்ன மேடை. வாடிக்கையாளர் லோகோ வேண்டாம் என்றுவிட்டார், மேடையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னேரம் 5.40. பஸ் அவசரம். டிலீட் அமத்தினேன், வழமையான பெட்டி வந்தது. அதைப் பிடித்து நிற்கும் பிள்ளை பீச்சர்களையும் அழிக்கவா என்ற இடத்தில் டிக் போட்டேன். கீழே பெயர்கள் நீளமாகத் தொங்கின. அதை யார் வாசிக்கிறோம்? என்டர், சேவ், மூடு. மூன்றும் ஒரே கையோட்டம்.

திரை மூடுகிற அந்த அரை விநாடியில் கண்ணில் பட்டது மூடி இல்லை. பாதி தேய்ந்த சன்லைட் கட்டி. பலத்துக்கு வைக்கும் ரிப் இல்லை, தூண் இல்லை, துளை இல்லை, வழுவழுவென்று ஒரு கட்டி. மூளைக்கு அது உடனே ஏறவில்லை. 101 பஸ்ஸில் தெகிவளை தாண்டும்போதுதான் நெஞ்சில் இடித்தது.

முன்னவர் அந்த மேடையின் முகத்தில் ஸ்கெட்ச் போட்டுத்தான் திருகுத் துளை வெட்டியிருக்கிறார். துளையைப் பிடித்து உள்ளே தூண், தூணைப் பிடித்து ரிப், ரிப்பைப் பிடித்து விளிம்பை உருட்டும் பில்லட். முழு வம்சமும் போய்விட்டது. பைலை மூடிவிட்டதால் அன்டூவும் இல்லை. நாலு நாளைக்கு முந்திய பென்டிரைவ் கொப்பியை எடுத்து இரண்டு இரவு இருந்து கட்டினேன். எங்கள் பெரிய அண்ணா பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை பிள்ளை?"

பஞ்சிகாவத்தை லேத்:

தம்பி, உங்களுக்குத் திரையில் போனது. எங்களுக்கு இரும்பில் போகும்.

12 மில்லிமீற்றர் தட்டு ஒன்றுக்கு ட்ரோயிங் வந்தது, கறுப்பு வெள்ளை ப்ரின்ட். ஒரு பக்கத்தில் "4 × 8.5" என்று அளவு நிற்கிறது, அம்புக்குறி போய் வெறும் இடத்தில் குத்துகிறது. வட்டத்தைக் காணோம். 8.5 என்றால் எம்10 போல்ட்டுக்கு மரை வெட்டும் டப்புக்கான துளை, அதை நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். மையத்துக்கு மையம் அளவுகளும் அப்படியே இருந்தன. சரி, ப்ரின்டரில் மை முடிந்துவிட்டது போல என்று நினைத்து நாலையும் போட்டு டப்பும் அடித்துக் கொடுத்தேன்.

வந்த பொடியன் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் லப்டொப்பைத் திறந்து காட்டினான். மொடலில் துளைகளை எடுத்துவிட்டார்கள். ட்ரோயிங்கில் அளவுகள் மட்டும் அநாதையாக நிற்கின்றன, அதுவும் சேற்று நிறத்தில். பிடித்திருந்த விளிம்பு போய்விட்டால் அளவு அந்த நிறத்துக்கு மாறுமாம். திரையில் சேறு, தாளில் நல்ல கறுப்பு. எனக்கு எப்படித் தெரியும்? தட்டுக் காசு யார் தலையில் விழுந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை டிசைன்:

எனக்கும் ஒருமுறை பம்ப் பிராக்கெட் ஒன்று போனது, அது கிடக்கட்டும். இரத்மலானைத் தம்பி, நீங்கள் டிலீட்டில் கையே வைத்திருக்கக்கூடாது. முதலில் மேடையில் வலது கிளிக் பண்ணி பேரன்ட் சைல்டைத் திறந்து பாருங்கள், யார் யார் அதில் தொங்குகிறார்கள் என்று பெயரோடு வரும். பிறகு சப்ரெஸ் பண்ணுங்கள், அழிக்காமல் தற்காலிகமாக அணைத்து வைப்பது. அதைப் பிடித்திருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து சாம்பல் நிறமாகும், சேதம் எவ்வளவு என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். அப்புறம் அன்சப்ரெஸ் பண்ணி, துளையின் ஸ்கெட்ச் தளத்தை மேடையிலிருந்து கழற்றி மூடியின் முகத்திலோ டொப் பிளேனிலோ மாற்றுங்கள். மாற்ற இடம் இல்லையென்றால் மரத்தில் முந்தைய படிக்குப் போக இருக்கும் ரோல்பேக் கோட்டை மேலே இழுத்துவிட்டு, மேடைக்கு முன்னாலேயே ஒரு பிளேனைப் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் கழன்ற பிறகு டிலீட். அப்போதும் அந்தப் பெட்டி வரும், ஆனால் பட்டியலில் பிள்ளை இருக்காது. உள்ளே இருந்த ஸ்கெட்சையும் அழிக்கவா என்பது வேறு டிக், அதைப் போடாவிட்டால் ஸ்கெட்ச் மட்டும் மரத்தில் தனியே நிற்கும், பயப்படத் தேவையில்லை. பில்லட்டைக் கடைசியில் போடுங்கள், பில்லட் விளிம்பிலிருந்து எதையும் அளக்காதீர்கள். செட்டிங்கில் பக்கப் கொப்பி எத்தனை வைக்க வேண்டும் என்று கேட்கும், அதையும் கூட்டிவிடுங்கள்.

இரத்மலானை மோல்ட்:

அண்ணா, இதெல்லாம் அன்றைக்கு 5.40க்கும் தெரியும்.

வெள்ளவத்தை 3டி:

கொட்டாஞ்சேனை அண்ணா, சப்ரெஸ் என்ன பனடோலா, எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுக்க? என் கைக்கு வந்த ஒரு பைலில் 112 பீச்சர், அதில் 70 சாம்பல். அம்மம்மாவின் அலுமாரி மாதிரி. எது வேண்டியது, எது பயந்து விட்டு வைத்தது என்று கட்டியவருக்கே தெரியாது. வேண்டாததை அழிக்கத்தான் வேண்டும்.

அழிக்கிற இடம்தான் பிரச்சினை. 2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த கிழமை. வீட்டில் இருந்து வேலை. ஷாஃப்ட்டில் போடும் கப்ளிங் ஹப் ஒன்று, ஒரே பைலில் மூன்று கொன்பிகரேஷன், அதாவது மூன்று அளவு வடிவம்: 25, 30, 38 துளை. 38க்கு மட்டும் கீவே, ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றப் பிடிக்கும் காடி, வேண்டாம். அதற்கு சப்ரெஸ்தான் சரி, அந்தக் கொன்பிகரேஷனில் மட்டும் என்று சொல்லிப் பண்ணலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கரண்ட் போய் யூபிஎஸ் காதுக்குள் கத்துகிறது, மகன் மெழுகுதிரியைத் தேடுகிறான், பற்றரி ஐந்து நிமிசம் கூடத் தாங்காது. விரல் டிலீட்டில் போய்விட்டது. 38இல் கீவே போனது, பார்த்தேன், சந்தோசம், சேவ் பண்ணி அணைத்தேன். டிலீட்டுக்குக் கொன்பிகரேஷன் பேதம் கிடையாது, 25இலும் 30இலும் சேர்த்துத்தான் போகும். அடுத்த நாள் 30 ஹப்பை ஷாஃப்ட்டில் போட்ட மனிதர் எடுத்த போனில் முதல் கேள்வி: "மிஸ், இது சும்மா சுற்றுதே?"

கொட்டாஞ்சேனை டிசைன்:

தங்கச்சி, நான் சப்ரெஸ் பண்ணி அப்படியே விடச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு அழிக்கத்தான் சொன்னேன். வாசியுங்கள்.

வெள்ளவத்தை 3டி:

வாசித்தேன் அண்ணா. அதில் பாதி நேரம் போனது.

மொறட்டுவை கம்பஸ்:

என்னுடையது சின்னக் கதை. லேப் டெஸ்டில் ஸ்டெப் பைல், எல்லா மென்பொருளுக்கும் பொதுவான 3டி பைல், ஒன்று தந்து, ஒரு மேட்டை எடுக்கச் சொன்னார்கள். மரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, இம்போர்ட்டட். ஸ்டெப்பில் பீச்சர் வரலாறு வராது என்று விரிவுரையில் சொன்னது ஞாபகமே இல்லை. அந்த ஒன்றைத் தெரிவுசெய்து டிலீட் அமத்தினேன். திரை வெள்ளையாகிப் போனது. சேர் சரியாகப் பின்னால் நின்றார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார். கன்ட்ரோல் இசட் அடித்து, அப்புறம் டிலீட் ஃபேஸ் எடுத்து, மேட்டின் முகங்களைத் தெரிவுசெய்து, பட்ச் போட்டு மூடினேன். வந்த மார்க்ஸைச் சொல்ல மாட்டேன்.

பிரீகேட் என்ற இலவச 3டி மென்பொருள் பாவிக்கும் யாராவது இருக்கிறீர்களா? அதில் முன்னால் ஒன்றை அழித்தால் முகங்களின் இலக்கம் மாறி பில்லட் வேறு விளிம்பில் போய் உட்காரும் என்பார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0இல் அது பெருமளவு குறைந்திருக்கிறது.

இரத்மலானை மோல்ட்:

நான் அதைப் பாவிக்கவில்லை தம்பி. பஞ்சிகாவத்தை அண்ணா, எனக்கு உங்கள் கதைதான் இரவு முழுக்க ஓடியது. எங்கள் ஒபிஸிலும் கறுப்பு வெள்ளை ப்ரின்டர்தான், இன்றைக்குக் காலையில் மூன்று ட்ரோயிங்கைத் திரும்பத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஒரு சேற்று அளவு நின்றது. அந்தத் தட்டு பிறகு என்னவாயிற்று?

பஞ்சிகாவத்தை லேத்:

இங்கேதான் கிடக்கிறது தம்பி. நாலு துளையிலும் எம்10 போல்ட்டைக் கால் மாதிரி முடுக்கி, அதன் மேல் தேத்தண்ணிக் கேத்தில் வைத்திருக்கிறோம். ஆடாது.