டோக்கியோ ஜன்னலில் தலைகீழ் சிவப்பு முக்கோணம்: பார்த்தவர்கள் சொல்வது

டோக்கியோவில் கட்டட ஜன்னல்களில் தலைகீழாக ஒட்டியிருக்கும் சிவப்பு முக்கோணம் விளம்பரம் இல்லை. தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து உள்ளே நுழையும் வழி அது. ஜப்பானியக் கணக்கில் 3ஆம் மாடியிலிருந்து (தரைத்தளமே அங்கே 1, ஆக நமக்கு இரண்டாவது மாடி) 31 மீட்டர் உயரம் வரை இருக்கும். அதற்கு மேல் உயர்ந்த கட்டடங்களில் அவசர லிஃப்ட் கட்டாயம். முக்கோணத்தின் ஒரு பக்கம் 20 செ.மீ. ஜன்னல் குறைந்தது 75 செ.மீ. அகலம், 1.2 மீட்டர் உயரம். தெருவைப் பார்த்த சுவரில் 10 மீட்டருக்குள் ஒன்று வர வேண்டும். வெளியிலிருந்து திறக்கவோ உடைக்கவோ முடியணும், அதனால் பொதுவாகக் கம்பி வலை பதித்த கண்ணாடி போடமாட்டார்கள். உங்கள் ஹோட்டல் அறை ஜன்னலில் இது இருந்தால் பெட்டியை அதன் முன்னால் அடுக்காதீர்கள். பலரும் செய்கிற தப்பு.

*

டோக்கியோ தெருவில் அர்த்தம் தெரியாமல் கடந்துபோகிற பொருட்களில் வெண்டிங் மெஷினையும் (காசு போட்டால் பானம் தரும் இயந்திரம்) சேர்த்துக்கொள்ளலாம். விலைக்குக் கீழே நீலப் பட்டை என்றால் குளிர்ச்சி, சிவப்பு என்றால் சூடு. குளிர்காலத்தில் ஒரே காபி இரண்டு வரிசையிலும் இருக்கும், அவசரத்தில் மாற்றி அமுக்கிவிடுவோம். 1, 5 யென் நாணயங்களை எடுக்காது. 2021 நவம்பரில் வந்த இரட்டை நிற 500 யென்னையும், 2024 ஜூலையில் வந்த புது 1000 யென் நோட்டையும் பழைய மெஷின்கள் திருப்பித் துப்பிவிடும். 100 யென் சில்லறை நாலைந்து கையில் வைத்திருப்பதே நிம்மதி. பக்கத்துத் தொட்டி காலி பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். காபிக் கோப்பையைத் திணித்தால் வாய் அடைத்துக்கொள்ளும்.

மெஷினில் ஒட்டியிருக்கும் சின்ன முகவரி ஸ்டிக்கரைப் பலர் கவனிப்பதில்லை. 119க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடும்போது "எங்கே இருக்கிறீர்கள்?" என்பார்கள். அதைப் பார்த்துப் படித்தால் போதும்.

*

வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பூனையை விரட்ட. நம் ஊரில் நாய்க்கு நீலத் தண்ணீர் வைக்கிற அதே நம்பிக்கைதான்! வெளிச்சம் மினுங்கினால் பூனை மிரளுமாம். பழகிவிட்டால் பூனை அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் நிறைந்த பாட்டில் லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வருவதால் கதிர் சாய்ந்து விழுகிறது, பின்னால் அட்டைப்பெட்டி இருந்தால் பற்றிக்கொள்ளவும் கூடும். தீயணைப்புத் துறையே இதை எச்சரிக்கிறது.

*

சிக்னலில் கேட்கும் பறவைச் சத்தம் பார்வையற்றவர்களுக்கு. பொதுவாக ஒரு திசைக்கு "பியோ", குறுக்குத் திசைக்கு "கக்கோ". புதியவற்றில் இந்த முனையில் "பியோ", எதிர்முனையில் "பியோபியோ" என்று மாறி மாறி ஒலிக்கும். எதிர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நேராகக் கடக்கலாம். இரவில் அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காகப் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள்.