டிரெய்லர் ஏசியில் ஐஸ் கட்டுகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஃபுளோரிடாவில் டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னெஸ் முகாமில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. வெள்ளிக்கிழமை காலை வரை இங்கேதான்.

டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் வகை) செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 24 அடி, 2016 மாடல். கூரை ஏசியின் குளிர்விக்கும் திறன் 13,500 பிடியூ, 30 ஆம்ப் இணைப்பு. போட்டதும் நன்றாகவே குளிர்கிறது. இரண்டு மணி நேரத்தில் காற்று குறைந்து குறைந்து நின்றேவிடுகிறது. உள்மூடியைக் கழற்றினால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள் (coil) முழுக்க வெள்ளையாக ஐஸ். அது உருகிச் சொட்டுவது சரியாக அம்மா படுக்கும் இடத்தில். "இதுக்கு நம்ம மொட்டை மாடியே தேவலடா" என்கிறார்.

ஃபில்டரைக் கழுவினேன். தெர்மோஸ்டாட்டை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 75-க்கு ஏற்றினேன். ஃபேனை ஹையில்தான் வைத்திருக்கிறேன். இங்குள்ள 120 வோல்ட் இணைப்பில் ஏசி ஓடும்போதே வோல்டேஜ் 116 காட்டுகிறது, ஆகவே கரண்ட் மேல் சந்தேகம் இல்லை. ஒரு மணி நேரம் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் ஐஸ் போய்விடும், திரும்பப் போட்டால் பழைய கதை. ஞாயிறு இரவு தொடங்கியது. ஜூலைப் புழுக்கம் வேறு, பிள்ளைகள் கதவை மூடுவதே இல்லை.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குளிர்காற்று வெளியேறும் பக்கத்துக்கும் காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில் இரண்டு விரல் இடைவெளி. அலுமினிய டேப் கையில் இருக்கிறது.

இந்த இடைவெளியை அடைத்தால் ஐஸ் நிற்குமா, இல்லை ஐஸ் கட்டாமல் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய ஃப்ரீஸ் சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?