டர்கிக் – 'துருக்கின' சரியா வருமா?

வணக்கம். டர்கிஷ் (துருக்கி நாடு, அந்த நாட்டு மொழி), டர்கிக் (அந்த மொழியும் சேர்ந்த பெரிய மொழிக்குடும்பம், அதைப் பேசுற மக்கள்) ரெண்டுக்குமே தமிழ்ல 'துருக்கிய'ன்னு போட்டுக்கலாம்னு இந்த உரையாடல்ல ஐயா ஒருத்தர் எழுதியிருந்தாங்க, எனக்கு அது ஒத்துவரல. ரஷ்யன்ல துரேத்ஸ்கி, த்யூர்க்ஸ்கின்னு தனித்தனியா வச்சிருக்காங்க. நாமளும் பிரிச்சே ஆகணும், இல்லன்னா 'சகா மக்கள் பேசுறது ஒரு துருக்கிய மொழி'ன்னு படிக்கிறவங்க, சைபீரியாவுல லேனா ஆத்துப் பக்கம் இருக்கற அந்த ஜனங்க ஏதோ இஸ்தான்புல்லேருந்து போனவங்கன்னு நினைச்சுடுவாங்க. நடந்தது தலைகீழ். 552ல துர்க் இனத் தலைவர் பூமின் ககான் (ககான்னா பேரரசர்), தங்களை ஆண்ட ரூரான்களைத் தோற்கடிச்சு மங்கோலியாவுல அரசு அமைச்சப்ப அனத்தோலியா (இன்றைய துருக்கி) பைசாந்தியர் கையில இருந்துச்சு, அங்க துர்க் இனத்தவங்க பெரிய அளவுல குடியேறினது 1071 மான்சிகெர்ட் போருக்கு அப்புறம்தான்.

'துருக்கர்'னு ஒருத்தர் சொன்னாங்க. பழைய சொல்தான், ஆனா அதோட திரிபு 'துலுக்கர்' நம்ம ஊர்ல முஸ்லிம்களைக் குறிக்கப் போயிடுச்சு, இப்ப அது மரியாதையான சொல்லும் இல்ல. அதோட டர்கிக் மொழி பேசுறவங்கள்ல, ரஷ்யாவோட வோல்கா பக்கத்துச் சுவாஷ் மக்கள்ல பெரும்பாலானவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க, தெற்கு சைபீரியாவோட துவாவுல பௌத்தம், உய்குர் ககானே 8ஆம் நூற்றாண்டுல மானி சமயத்துக்கு (பாரசீகத்துல மானிங்கறவர் தொடங்கினது) மாறினவர், அப்புறம் இன்றைய வடமேற்குச் சீனாவோட துர்ஃபான் பக்கம் உய்குர்கள் பல நூற்றாண்டு பௌத்தமா இருந்து குகைக்கோயில் எல்லாம் வரைஞ்சு வச்சிருக்காங்க. இவங்களை எல்லாம் எப்படி அந்தச் சொல்லுக்குள்ள அடக்கறது?

என் யோசனை 'துருக்கு + இனம்', துருக்கினம். துருக்கின மொழிகள், துருக்கின மக்கள். துருக்கி நாட்டுக்கும் அந்த நாட்டு மொழிக்கும் 'துருக்கிய' அப்படியே இருக்கட்டும். பழைய கல்வெட்டுலயே அந்த மக்கள் தங்களை 'துர்க்'னு சொல்லிக்கிறாங்க, அதனால நாட்டுப் பேருலேருந்து எடுக்காம இனப் பேருலேருந்து எடுக்கறதுதான் நியாயம். மங்கோலியாவோட ஓர்கோன் பள்ளத்தாக்குல கியுல் தெகின்கிற இளவரசருக்கு 732ல நிறுத்தின கல்லைப் பாருங்க, ஒரு பக்கம் சீனம், மத்த பக்கங்கள்ல துருக்கின மொழி, அவர் செத்த வருஷத்தை 'ஆட்டு வருஷம்'னு சீனாவோட பன்னிரண்டு மிருகக் கணக்குல குறிச்சிருக்கு. மத்திய ஆசியாவோட சொக்டிய வணிகர்களோட எழுத்தை உய்குர்கள் எடுத்தாங்க, அவங்ககிட்டேருந்து மங்கோலியர், அவங்ககிட்டேருந்து மஞ்சூரியாவோட மஞ்சு மக்கள். இவ்வளவு ஆசிய உறவையும் ஒரு இன்றைய நாட்டோட பேருக்குள்ள திணிக்கக் கூடாது.

துருக்கின, மங்கோலிய மொழிகளை எல்லாம் ஒண்ணாச் சேர்க்கற 'அல்தாயிக்'கை மட்டும் மொழிக்குடும்பம்னு போடாதீங்க, 'அல்தாயிக் கருதுகோள்'னு போடுங்க. மங்கோலிய மொழிகளோட இருக்கற ஒற்றுமை பலதும் கடன் வாங்கினதுதான்னு நிறைய மொழியியலாளர்கள் சொல்றாங்க. 'ககான்' அப்படியே இருக்கலாம், பேரரசர்னு மாத்தவேண்டாம். 'துருக்கின'வுக்கு ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க.