‘கம்பித்தாக்கு’ பொருந்துமா? தாழ்பறப்பு மோதல்களுக்கான சொல் குறித்து

வயலுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிக்கும் விமானங்கள் கம்பியில் மோதி விழுவதை ஆங்கிலத்தில் ‘வயர் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். இதற்கு ‘கம்பித்தாக்கு’, ‘மின்கம்பி விபத்து’, ‘காணாக்கம்பி மோதல்’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தபின், ‘கம்பிமோதல்’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

செய்தித்தாள் தமிழில் ‘மின்சாரம் தாக்கி இறந்தார்’ என்பது அடிக்கடி அச்சாகும் தொடர். ஆகவே ‘கம்பித்தாக்கு’ என்று படித்தவுடன் மின்னதிர்ச்சிதான் மனத்தில் தோன்றும். இந்த விபத்தின் இயல்போ வேறு. பயிருக்கு மேல் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் செல்லும் விமானத்தின் சக்கரக் காலையோ இறக்கையையோ ஒரு கம்பி பற்றி இழுத்தால், நிலைகுலைந்த விமானத்தை நிமிர்த்த விமானிக்கு உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது. அன்றியும், நிற்பது கம்பி, போய் மோதுவது விமானம். ‘தாக்கு’ என்னும்போது வினை கம்பியின் மேல் ஏறிவிடுகிறது.

‘மின்’ என்ற அடையும் வேண்டாம். காற்றாலை அமைப்பதற்கு முன் காற்றை அளக்க நடப்படும் மெல்லிய கோபுரங்களைத் தாங்கி நிற்கும் இழுகம்பிகளில் மின்சாரமே கிடையாது. ஆயினும் தெளிப்பு விமானிகள் மிகவும் அஞ்சுகிற கம்பிகளில் அவையும் உண்டு. அமெரிக்காவில் 200 அடிக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு அடையாள வண்ணமும் விளக்கும் பொதுவாகக் கட்டாயமில்லாதிருந்ததால், இக்கோபுரங்கள் பல அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தப்பட்டன. வண்ணம் பூசும்படி அந்நாட்டு வான்போக்குவரத்து நிர்வாகம் 2011இல் பரிந்துரைத்தது.

‘காணாக்கம்பி’ என்பதைத்தான் நான் வலுவாக மறுக்கிறேன். கம்பியைக் காண்பது கடினம் என்பது உண்மையே. பழைய அலுமினியக் கம்பியின் சாம்பல் நிறம் வானோடு கரைந்துவிடும்; உயர்அழுத்தக் கோபுரங்களின் உச்சியில் ஓடும் மெல்லிய காப்புக்கம்பியோ, கீழேயுள்ள தடித்த கம்பிகளைக் கண்டு மேலேறும் விமானியின் கண்ணில் படாமலே போகும். அதனால்தான் கம்பியைத் தேடாதே, கம்பத்தைப் பார், அதன் குறுக்குச் சட்டம் எந்தத் திசையை நோக்குகிறது என்று பார் என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கம்பிமோதல்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தக் கம்பி அங்கிருப்பது விமானிக்கு முன்பே தெரிந்திருந்தது. தெளிப்பதற்கு முன் வயலைச் சுற்றி வந்து கம்பியைக் குறித்துக்கொள்கிறார். பலமுறை அதைத் தாண்டவும் செய்கிறார். பிறகு காற்று, தெளிப்பின் வரிசை, தொட்டியில் மிஞ்சிய மருந்து என்று கவனம் பல பக்கம் போய்விடுகிறது. கடைசியில் வயலின் ஓரங்களை முடித்துவிடத் திசை மாற்றிப் பறக்கும்போது கம்பி மறந்துபோகிறது. பல ஆண்டுகளாகக் குனிந்தே நுழைந்த வாசலில், கையில் சுமையும் மனத்தில் வேறு நினைவுமாக வரும் ஒரு நாளில் நிலை தலையில் இடிப்பதைப் போன்றது இது. ‘காணா’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால், மறதி என்னும் பெரிய காரணம் சொல்லுக்கு வெளியே நின்றுவிடும்.

‘மோதல்’ இருதரப்புச் சண்டையையும் குறிக்குமே என்பது நியாயமான ஐயம். ஆனால் ‘மலையில் மோதி நொறுங்கியது’ என்று ஏழாம் வேற்றுமையில் வரும்போது அங்கே சண்டைக்கு இடமில்லை. கம்பிமோதலும் ‘கம்பியில் மோதல்’ என்றே விரியும். இதைச் சேர்த்து எழுதுவது நல்லது. ‘முட்டல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அசையாப் பொருளுக்கு அது மிகப் பொருத்தம். எனினும் இந்த வேகத்துக்கு அதன் ஒலி போதவில்லை.

மரம், கம்பம், கோபுரம் யாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்லாகத் ‘தடை’ உதவாது, ஏனெனில் ‘பறப்புத் தடை’ என்றால் பறக்கக்கூடாது என்ற ஆணையாகிவிடும். ‘தடைப்பொருள்’ என்றால் குழப்பமில்லை. அதிலிருந்து ‘தடைப்பொருள் மோதலிடர்’ என்று வளர்த்துக்கொள்ளலாம். தாழப் பறப்பதற்குக் ‘கீழ்மட்டப் பறப்பு’ என்றால், அது அலுவலகப் படிநிலையை நினைவூட்டுகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்லும் மொழிக்குத் ‘தாழ்பறப்பு’ இயல்பாகவே கிடைக்கிறது.

இன்னும் இரண்டு பெயர்கள் தேவைப்படும். விமானியறையின் முன்கண்ணாடிக்கு முன்னும் சக்கரக் கால்களிலும் பொருத்தும் கூர்விளிம்புக்கு, மண்வெட்டி, நகவெட்டி வழியில் ‘கம்பிவெட்டி’ எனலாம். விமானியறையின் கூரையிலிருந்து வால் நுனிவரை இழுத்துக் கட்டி, எதிர்ப்படும் கம்பி வாலில் சிக்காமல் மேலே வழுக்கிப் போகச் செய்யும் எஃகு வடத்துக்குக் ‘கம்பிவிலக்கி’ என்று எழுதியிருக்கிறேன். ‘வடம்’ என்பதையும் அதில் சேர்க்க வேண்டுமா என்பதில் மட்டும் என் மனம் இன்னும் ஒருநிலைப்படவில்லை.